கியூபெக் பாலத்தின் வீழ்ச்சி: நிர்மாணத்தில் தரமும் பொறுப்பும்

நிர்மாணத் துறையில் தரம் எனும்போது நல்ல உருக்கு, நல்ல சீமெந்து, தேர்ந்த வேலைத்திறன் என்பனவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. பொருளும் வேலையும் நன்றாயிருந்தும் ஒரு கட்டுமானம் வீழக்கூடும் என்பதற்குக் கனடாவின் கியூபெக் பாலம் தக்க சான்றாகும்.

சென் லோறன்ஸ் நதிக்குக் குறுக்கே அமைக்கப்பட்டுவந்த இவ்வுருக்குப் பாலத்தின் தென்பகுதி, 1907 ஆகஸ்ட் 29 ஆம் நாள் மாலை, வேலை முடியும் தறுவாயில் இடிந்து வீழ்ந்தது. எழுபத்தைந்து தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் கானவாக்கே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மொஹோக் மக்களாவர்.

இவ்வழிவின் வித்து முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது. ஆலோசகப் பொறியியலாளரான தியோடர் கூப்பரின் விதப்புரைப்படி 1900 இல் பாலத்தின் நடுவீச்சு 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டப்பட்டது. ஆயின், பாலத்தின் தன்நிறை அதற்கேற்ப மீளக் கணிக்கப்படவில்லை. வடிவமைப்பை அரசாங்கப் பொறியியலாளர் தனித்துப் பரிசீலிக்க வேண்டுமென்ற யோசனையையும் கூப்பர் எதிர்த்தார். நிறை பற்றிய பிழை 1906 இல் வெளிப்பட்டபோது, உறுப்புகள் பல ஏற்கெனவே ஆக்கப்பட்டிருந்தன. மேலதிகத் தகைப்பை ஏற்கலாமெனக் கருதி அவர் வேலையைத் தொடரவிட்டார்.

கூப்பர் நியூயோர்க்கில் இருந்தார். உடல்நலக் குறைவினால், மேற்கட்டுமானம் எழுந்த காலத்தில் அவர் அவ்விடம் செல்லவில்லை. 1907 ஆகஸ்டில் அமுக்கத்தைத் தாங்கும் கீழுறுப்புகள் வளைவதை அவருடைய பிரதிநிதியான இளம் பொறியியலாளர் நோர்மன் மக்லூர் கண்டார். அவ்வளைவு முன்னரே இருந்ததெனச் சிலர் வாதித்தனர். ஐயம் தீரும்வரை வேலையை நிறுத்துமாறு உறுதியாகக் கட்டளையிடத்தக்கவர் எவரும் தலத்தில் இருக்கவில்லை. எனவே மக்லூர் நியூயோர்க்கிற்குப் பயணமானார். மேலும் சுமையேற்ற வேண்டாமென்று 29 ஆம் நாள் கூப்பர் தந்தியனுப்பினார். அத்தந்தியோ பாலத்திற்கன்றி, பென்சில்வேனியாவிலிருந்த பாலக் கொம்பனிக்கே சென்றது. அன்று மாலையே பாலம் வீழ்ந்தது.

1908 இல் அறிக்கை சமர்ப்பித்த அரச ஆணைக்குழு, பயன்படுத்தப்பட்ட உருக்கு நல்ல தரமானதே எனக் கண்டது. குறை வடிவமைப்பிலும் பொறுப்பாளரின் தீர்மானத்திலுமே இருந்தது. அனுபவமிக்க பிரதம பொறியியலாளர் ஒருவரை நியமியாமை மேற்பார்வையைத் தளரச் செய்தது என்றும் அது சுட்டிக்காட்டியது. மீளக் கட்டுகையில், 1916 இல் நடுப்பகுதி வீழ்ந்து மேலும் 13 பேர் இறந்தனர். 1917 இலேயே பாலம் நிறைவுற்றது.

பொருளைச் சோதித்தல் தர முகாமைத்துவத்தின் ஒரு பகுதி மாத்திரமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. வடிவமைத்தவரல்லாத ஒருவர் கணிப்பைச் சரிபார்த்தல் வேண்டும். குறை கண்டவர் சொல்லுக்கு வேலையை நிறுத்தும் வலிமை இருத்தல் வேண்டும். கியூபெக்கில் குறையைக் கண்ட கண்கள் இருந்தன. அதிகாரமோ தொலைவில் இருந்தது. அவ்விடைவெளிக்குத் தொழிலாளரே உயிரால் விலை கொடுத்தனர்.