பாஷண்டி என்னும் சொல்லின் வரலாறு

திருவாரூரை அடுத்த திருக்கண்ணமங்கையில் ஒரு காலக்ஷேப கோஷ்டியில், ‘பாஷண்டி’ என்பவன் பொய்வேடக்காரனா, புறச்சமயத்தானா என்று ஒருவர் வினவினார். இரண்டும் ஒன்றே என்று கூறி அடியேன் மேலே சென்றுவிட்டேன். அவ்விடை பிழையென்பது நூல்களை மீண்டும் நோக்கியபோதே புலனாயிற்று.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த 12ஆம் பாறைச் சாசனத்தில் ‘பாஸண்டம்’ என்பது சமயக்குழு என்ற அளவிலேயே வழங்குகிறது. தன் பாஸண்டத்தைப் போற்றிப் பிறர் பாஸண்டத்தைத் தூற்றலாகாது என்கிறது அச்சாசனம். ஷாபாஸ்கர்ஹிப் பாறையில் இச்சொல் ‘ப்ரஷண்டம்’ எனக் காண்பதால், பரிஷத், பார்ஷதம் என்பவற்றின் வழியே இது பிறந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர் சிலர். அது மெய்யாயின், எம்பெருமானின் அணுக்கரைச் சுட்டும் ‘பார்ஷதர்’ என்னும் சொல்லும் இதற்கு உறவாகும். நம் செவிக்கு இது வியப்பே.

காவிரி நாட்டிலும் முதற்பொருள் நெடுங்காலம் நின்றது. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் பாசண்டச் சாத்தனுக்குக் கோயில் இருந்தது. தொண்ணூற்றாறு வகைச் சமய நூல்களின் தருக்கமே பாசண்டம் என்றும், அதில் வல்லவனாதலின் அத்தெய்வம் அப்பெயர் பெற்றதென்றும் உரைகாரர் விளக்குவர். இறந்த குழந்தையின் வடிவை மேற்கொண்டு வளர்ந்து, தேவந்தியை மணந்து வாழ்ந்தவன் இச்சாத்தன். ஆயினும் அவன் பெயரில் வஞ்சகப் பொருள் ஏறவில்லை.

மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயத்தில் சொல் வசையாகிவிடுகிறது. எனினும் பாஷண்டியோடு, பூனை நோன்பியும் கொக்கொழுக்கத்தானும் அங்கே தனித்தனியே எண்ணப்படுகின்றனர். போலித் துறவிக்கு வேறு பெயர் இருந்தமையால், பாஷண்டி அங்கு வேதநெறிக்குப் புறம்பானவன் மட்டுமே என்று கொள்வதே பொருந்தும்.

வேடத்தோடு இச்சொல்லைப் பிணைப்பது ஸ்ரீமத் பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தம். பிருதுவின் நூறாவது அசுவமேதக் குதிரையை இந்திரன் துறவுக்கோலம் பூண்டு கவர்கிறான். பின்தொடர்ந்த அரசகுமாரன், தர்மமே உருவெடுத்ததோ என எண்ணி அம்பு தொடுக்கத் தயங்குகிறான். அத்ரி முனிவர் உண்மையை உணர்த்தித் தூண்ட வேண்டியதாயிற்று. குதிரையை விடுத்து இந்திரன் களைந்தெறிந்த கோலங்களை அறிவிலார் எடுத்து அணிந்தனர். ‘கண்டம்’ என்பதற்கு அடையாளம் என்று பொருள் கொண்டு, பாவத்தின் அடையாளங்களாதலின் அவை ‘பாகண்டம்’ எனப்பட்டன என்கிறது பாகவதம். இன்றைய ஹிந்தியின் ‘பாகண்டி’ இதன் வழிப்பட்டதே. மொழிநூலார் இப்பிரிப்பை ஏற்கமாட்டார். சொல்லாராய்ச்சி அங்கு நோக்கமும் அன்று. திருட்டுக்கு மறைவாகத் தரித்த கோலம் அங்கு இகழப்படுகிறது; அதனோடு, மக்கள் தர்மமென மயங்கிப் பற்றும் மாற்றுநெறிகளும் அவ்விடத்திலேயே சுட்டப்படுகின்றன.