எடை குறைப்பு ஆபரேஷனும் 40 என்ற எண்ணும்

பி.காம். படிக்கிறவனுக்கு ஆபரேஷனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இன்சூரன்ஸ் எங்களுக்குப் பாடமாகவே உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் இந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உடல் பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குச் சில லட்சங்கள் ஆகும். மெடிக்ளைம் பாலிசிகள் பலவற்றில் முன்பு இதற்குப் பணம் கிடையாது. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கொண்டுவந்தது. அதன்படி, டாக்டர் பரிந்துரைக்க வேண்டும். சிகிச்சை மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 என்றால், அதோடு கட்டுப்படாத சர்க்கரை, இதயத் தமனி நோய், பருமனால் வந்த இதயத்தசை நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்றாவது இருந்து, மற்ற வழிகளில் எடை குறைக்க முயன்றும் பலன் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். இன்றும் பெரும்பாலான பாலிசிகளில் இந்த வாசகம்தான்.

சரி, இந்த 40ம் 35ம் யார் போட்ட கணக்கு? வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதை தொடங்குவதே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில்தான்!

அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1942-43ல் தன் பாலிசிதாரர்களின் இறப்புக் கணக்கை வைத்து, இந்த உயரத்துக்கு இந்த எடை என்று அட்டவணை வெளியிட்டது. பிரீமியம் போடுவதற்கான இந்த வகைக் கணக்கு மெல்ல டாக்டர்களின் மேஜைக்கும் போனது. 1966ல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸ் சிகிச்சையைத் தொடங்கிய பிறகு, யாருக்குச் செய்யலாம் என்ற கேள்வி வந்தது. அட்டவணை எடையைவிட 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ அதிகம் இருந்தால் செய்யலாம் என்பது அன்றைய வழக்கம்.

பிறகு பி.எம்.ஐ. வந்தது. 1832லேயே பெல்ஜியத்தின் கெட்லே கண்ட சூத்திரம் அது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1972ல் ஆன்செல் கீஸ் அதற்குப் புதுப் பெயர் சூட்டினார். அவர் ஆராய்ந்தது அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் ஆண்களை. பெண்கள் இல்லை, இந்தியாவும் இல்லை. 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு 40 என்றும், கடும் துணை நோய் இருந்தால் 35 என்றும் வரம்பு வைத்தது. நம் பாலிசியில் இருப்பதும் அதே எண்கள்தான்.

ஆனால் நம் உடம்பு வேறு கணக்கு. 2004ல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் 2009ல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி, அறுவை சிகிச்சை வரம்பை 37.5 என்றும், துணை நோய் இருந்தால் 32.5 என்றும் குறைத்தார்கள். 2022ல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் ஆசியர்களுக்கு 27.5லேயே இதைப் பரிசீலிக்கலாம் என்றன.

இப்போது கணக்குப் போடுவோம். உயரம் 160 செ.மீ., எடை 85 கிலோ, சர்க்கரை கட்டுப்படவில்லை. எங்கள் திருப்புட்குழியில் இப்படி ஒருவரைப் பார்த்தால் 'சாப்பிடுற உடம்பு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவருடைய பி.எம்.ஐ. 33.2. இந்திய நிபுணர்கள் கணக்கில் அவர் தகுதியானவர். பாலிசி கணக்கில் இல்லை. 35ஐத் தொட அவர் இன்னும் கிட்டத்தட்ட 5 கிலோ ஏற வேண்டும். சிகிச்சைக்குப் பணம் கிடைக்க நோயை வளர்த்துக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்?

நம் உயிரை அடுத்தவர் தராசில் நிறுப்பது காப்பீட்டில் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்துக் கம்பெனிகள் இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870ல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் சாதாரண பிரீமியத்தில் இந்தியர்களுக்குப் பாலிசி கொடுத்தது. கம்பெனி கெட்டுப்போகவில்லை!

வரம்பே இல்லாமல் கொடுக்கச் சொல்லவில்லை. இது பெரிய ஆபரேஷன், ஆபத்தும் உண்டு. எல்லோருடைய பிரீமியத்திலிருந்துதான் அந்தப் பணமும் வருகிறது. வரம்பு வேண்டும், ஆனால் அது நம் உடம்புக்கான வரம்பாக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அதுவரை, வீட்டில் யாருக்காவது இந்தத் தேவை வரலாம் என்றால் இரண்டு விஷயம். பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள். டயட், உடற்பயிற்சி, மாத்திரை என்று முயன்றதற்கான பழைய மருந்துச் சீட்டுகளையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களையும் தூக்கிப் போடாதீர்கள். 'முயன்றும் பலனில்லை' என்பதற்கு அவைதான் சாட்சி.