இருநாட்டுப் பாதுகாப்பு உடன்பாடுகளும் மலையகத் தமிழரும்

இரு நாடுகள் படைத்துணை குறித்துத் தம்முட் செய்துகொள்ளும் உடன்பாடுகளை ஆராயப்புகும் வரலாற்றாசிரியர் துறைமுகங்களையும் விமானத் தளங்களையுமே பெரும்பாலும் நோக்குவர். இலங்கை வரலாற்றிலும் திருகோணமலை பற்றி எழுதப்பட்டவை பல. கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவுக்கும், அதனையடுத்த ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்கும் அவ்வுடன்பாடுகளில் யாது இடம் என வினவுவார் அரியர். ஆயினும் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புக் கருதி நடத்திய பேச்சுக்களை நிரல்பட நோக்குமிடத்துத் தோட்டத் தொழிலாளர் மீண்டும் மீண்டும் அவற்றினூடே தோன்றுதல் காணலாம். பேசுவோராக அன்று, பேசப்படும் பொருளாக.

சுதந்திரத்துக்கு முன்னரே, 1947 நவம்பரில், இலங்கை பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தியாவைப் பற்றிய அச்சமும் அதற்கொரு காரணம் என்பது ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடு. அவ்வச்சம் உள்நாட்டிலே வேறு வடிவு கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவில் வென்ற சௌ. தொண்டமான் அவருள் ஒருவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கி, வாக்கையும் பறித்தன. 1952 முதலாகக் கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்க இராணுவம் கடற்கரைக் காவலில் ஏவப்பட்டது. 'கள்ளத்தோணி' என்னும் வசைச்சொல்லோ கடற்கரையோடு நில்லாது, மலையிலே பிறந்து மலையிலே மூப்படைந்தவரையும் பற்றிக்கொண்டது.

1962இல் சீனாவுடன் நேர்ந்த போருக்குப் பின் அயல்நாடுகளின் நட்பு இந்தியாவுக்குப் பெரிதும் வேண்டியதாயிற்று. தொழிலாளரைக் கட்டாயமாகத் திருப்பியனுப்புதற்கு நேரு இசையாதிருந்தார். அவர் மறைந்து ஐந்து திங்கள் கழிய, 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஒப்பமிட்டனர். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. அவ்வெச்சம் 1974இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டது. எண்ணப்பட்டவருடைய விருப்பம் எவ்விடத்தும் முன்கூட்டிக் கேட்கப்பட்டிலது.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி இவ்வாராய்ச்சிக்கு மிக வேண்டுவதொன்று. மக்கள் விடுதலை முன்னணியினர் தம் இளைஞர்க்கு நடத்திய ஐந்து வகுப்புக்களுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்பு வாதம்' பற்றியது. தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவியென அது போதித்தது. லயத்துக் காம்பராவில் ஒடுங்கி, விடியலிற் பிரட்டுக்குச் சென்று பேர் கொடுத்து, நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவரை ஒரு பேரரசின் முன்னணிப் படையாகக் காண்பதற்குக் கற்பனை மிக வேண்டும். ஏப்பிரல் 5ஆம் நாள் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்படக் கிளர்ச்சி மூண்டது. கேகாலை, எல்பிட்டிய முதலிய பகுதிகளிற் கிளர்ச்சிக்காரர் கை ஓங்கிற்று. அரசாங்கம் பல நாடுகளிடம் துணை வேண்டியது. இந்தியா ஹெலிகொப்டர்களையும் அவற்றைச் செலுத்துவோரையும் அனுப்பியது. அதன் வீரர் கட்டுநாயக்கா விமான நிலையத்தைக் காத்தனர். அதன் போர்க்கப்பல்கள் கரையோரத்தே காவல் புரிந்தன. பிரித்தானியா படைக்கலங்களும், சோவியத் நாடு மிக் விமானங்களும், பாகிஸ்தான் ஹெலிகொப்டர்களும் உதவின. அவ்வாண்டு திசெம்பரில் தம்முட் பொருத இந்தியாவும் பாகிஸ்தானும் ஏப்பிரலில் ஒரே அரசாங்கத்தைக் காக்க முன்வந்தமை வியப்புக்குரியதே. எந்த இந்தியப் படையை எண்ணி வகுப்பு நடத்தப்பட்டதோ அப்படை உண்மையில் வந்தது. அதனை அழைத்தது கொழும்பு அரசாங்கம். மலைத்தோட்டங்கள் அழைக்கவுமில்லை, கிளர்ச்சியிற் சேரவுமில்லை. அவற்றிலிருந்து ஆட்களை அனுப்பும் பணி மட்டும் நில்லாது நடந்தது. ஹற்றனிற் புகைவண்டியேறித் தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றோருட் சிலர் நீலகிரியிலே, தமிழ்நாட்டரசின் தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் கொழுந்துக் கூடையே சுமந்தனர்.

1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்தையும் எரித்தன. பல குடும்பங்கள் வவுனியா முதலிய வடபகுதிகளுக்குப் பெயர்ந்தன. 1984இல் கப்பற் போக்குவரவு நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் செல்ல வழியின்றித் தோட்டத்தில் தங்கியோர் பலராயினர். 1986 தைப்பொங்கல் நாளிலே தொண்டமான் தொடக்கிய பிரார்த்தனை இயக்கத்தின் பின்னரே நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறிற்று.

இந்நிலையில், 1987 யூலை 29ஆம் நாள், ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பிற் செய்த ஒப்பந்தத்தின் 2.16ஆம் பிரிவு கூர்ந்து படித்தற்குரியது. போராளிக் குழுக்கள் தீர்வை ஏற்க மறுப்பின் இந்தியா செய்யவேண்டியவை அங்கே கூறப்படுகின்றன. இந்திய மண் இலங்கைக்கு எதிரான செயலுக்குப் பயன்படாமற் காத்தல் முதலாவது. இருநாட்டுக் கடற்படை ஒத்துழைப்பு இரண்டாவது. வேண்டியபோது படையுதவி மூன்றாவது. நான்காவது யாது? இலங்கையில் வாழும் இந்தியப் பிரசைகளை, தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திரும்புவதோடு ஒருங்கே, விரைந்து அழைத்துக்கொள்ளுதல்! வடக்கிலே ஆயுதம் ஏந்தியோர் இணங்காமைக்கும் ஹற்றனில் மலையேறிக் கொழுந்தெடுப்பாள் ஒருத்தியின் இருப்புக்கும் என்ன இயைபு என்பதை ஒப்பந்தம் விளக்கவில்லை. பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கைகளின் வரிசையில் அவளும் ஒரு பொருளாயினள். திருப்பியனுப்பப்படவேண்டிய அகதிகளிடையே, வவுனியாவுக்குப் பெயர்ந்து அங்கிருந்தும் கடல்கடந்த மலையகக் குடும்பங்களும் இருந்தன என்பதை நோக்கின் இவ்விந்தை இன்னும் பெருகும். உடன் பரிமாறிய கடிதங்களிலே திருகோணமலை பற்றியும், இலங்கைப் படைக்கு இந்தியா அளிக்கும் பயிற்சியும் படைக்கலமும் பற்றியும் உறுதிகள் கூறப்பட்டன. அறிஞர் பெரிதும் ஆராய்ந்தவை அவையே.

நான்காவது ஏற்பாடு எண்ணியவாறு நிறைவேறவில்லை. இந்தியப் படை 1990 மார்ச்சில் நீங்கிற்று. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமுமே, நாட்டிலிருந்த ஏனையோர்க்கு வழி திறந்தன. இதற்கிடையே, ஒப்பந்தத்தை எதிர்த்து இரண்டாம் முறை கிளர்ந்த முன்னணியின் தலைவர் றோகண விஜேவீர 1989 நவம்பரிற் பிடிபட்டு மாண்டார். நாவலப்பிட்டிக்கு அணித்தான உலப்பனையில், வேறு பெயர் பூண்டு, தோட்டத்துரை போல அவர் வாழ்ந்திருந்தார்.

2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்து தோட்ட மக்களிடையே பேசி, மேலும் 10,000 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தார். 2024 நவம்பர்த் தேர்தலிலே மக்கள் விடுதலை முன்னணி தலைமைதாங்கிய தேசிய மக்கள் சக்தி நுவரெலியா மாவட்டத்தில் வென்றது. மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் அவ்வணியிற் பாராளுமன்றம் சென்றனர். 2025ஆம் ஆண்டில், அம்முன்னணியின் தலைவரான அனுர குமார திசாநாயக்க நாட்டின் சனாதிபதியாக மோடியைக் கொழும்பில் வரவேற்க, இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அந்நாளும் ஏப்பிரல் 5ஆம் நாளே.