அசையாத காற்றும் ஏறும் நெருப்பும்

கட்டட நிர்மாணத்தைப் பற்றி நம் காலத்தில் நடைபெறும் ஆராய்ச்சிகள், குடியிருப்போர் உயிருக்குப் பாதுகாப்பு, இயற்கைப் பொருள்களில் சிக்கனம், மின்சாரச் செலவில் குறைவு என்னும் மூன்று நோக்கங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டபோதிலும், பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்து பார்த்தால், தீயை ஆராய்பவர் ஓர் அறையிலும் உஷ்ணத்தை அளப்பவர் மற்றோர் அறையிலுமாக, ஒருவர் கணக்கை மற்றவர் பாராமலே வேலை நடந்துவருவதைக் காண்கிறோம். நம் தேசத்து விதிநூல்களின் அமைப்பும் அப்படித்தான். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீயும் உயிர்க்காப்பும் நான்காம் பகுதி; இயற்கைவளப் பேணுதலோ பதினோராம் பகுதி; வீடுகளின் எரிசக்திச் சிக்கனத்துக்கு 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதை என்ற தனி நூல். நிர்வாகத்துக்கு இப்பிரிவினை சௌகரியமாக இருக்கலாம். பௌதிகத்துக்கு அது பொருந்தாது என்பதே இவ்வியாசத்தின் வாதம். ஏனெனில் வீட்டைக் குளிர்வித்து வைக்கும் பொருளும் அதைக் கொளுத்திவிடும் பொருளும் பல சமயங்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

கீற்றுக் கூரையை எடுத்துக்கொள்வோம். தென்னை மட்டையை நடுவே பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, ஈரம் உலர்வதற்குள் முடைந்து, அடுக்கி அழுத்திக் காயவைத்த கீற்றுகளை, மூங்கில் வரிச்சின்மேல் இறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கயிற்றால் கட்டிச் செல்லும் கூரை வேய்பவர், தாம் உண்மையில் கட்டிவைப்பது ஓலையை மட்டுமன்று, ஓலைகளுக்கிடையே அகப்பட்ட காற்றையுமே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அசையாத காற்றின் வெப்பங்கடத்து திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.026 வாட் அளவே. நம் கைநூல்கள் காங்கிரீட்டுக்குக் கொடுக்கும் எண் 1.58. அறுபது மடங்கு வித்தியாசம். சித்திரை வெயிலில் கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் தேகம் உணரும் அந்தச் சுகத்துக்கு வேறு ரகசியம் ஏதுமில்லை. சிறைப்பட்ட காற்றுதான் அங்கே குடை பிடிக்கிறது. ஆனால் பொறி ஒன்று விழுந்த மாத்திரத்தில், அதே இடுக்குகளின் வழியே வெளிக்காற்று உட்புகுந்து, மெல்லிய ஓலையின் இரு பக்கத்தையும் ஒருங்கே தழுவி, ஒரு கூரை முழுவதையும் சில நிமிஷங்களில் தீக்குச்சிக் கட்டாக்கிவிடுகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நேர்ந்தது இதுதான். மதிய உணவு சமைத்த கொட்டகையின் கூரையில் பற்றிய நெருப்பு, பள்ளியின் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக்குத் தாவ, இறங்குவதற்குச் சரியான வழியில்லாமல் 94 குழந்தைகள் மாண்டார்கள். பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றும்படி அரசு உத்தரவிட்டதும், ஆபத்தில்லாத பள்ளியில் படிப்பது கல்வியுரிமையின் அங்கமே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்ததும் எவ்விதத்திலும் குறை சொல்லத்தக்கவை அல்ல. கீற்றின் குளிர்ச்சியைப் புகழ்ந்து அதை வகுப்பறைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பார் இருப்பாராயின், அவரோடு நான் வாதிடவும் விரும்பவில்லை.

எனினும், கீற்று போன இடத்துக்கு என்ன வந்தது என்ற வினாவை ஆராய்ச்சி கேட்டாக வேண்டும். தகரம் வந்தால் உச்சி வேளையில் அதன் கீழே உட்கார முடியாது. கல்நார்த் தகடு வந்தால், உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் அதன் இழை நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்குவது. காங்கிரீட் தளம் வந்தால், தீயைப் பொறுத்தமட்டில் நிம்மதி உண்டாயினும், பகலெல்லாம் குடித்த வெயிலை அது இராப்பொழுதில் உள்ளே உமிழ்கிறது. பத்து சென்டிமீட்டர் கனமுள்ள வெறும் காங்கிரீட் தளத்தின் வழியே ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 3.7 வாட் உஷ்ணம் கடப்பதாகக் கணக்கிடலாம். சம்ஹிதை கூரைக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 1.2. மும்மடங்கு மிகையை எப்படிக் குறைப்பது? சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, சிற்றாட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய பழைய மெட்ராஸ் தளத்துக்கு இன்று ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. (அத்தளம் உஷ்ணத்தைப் பெரிதும் தாமதப்படுத்தியதேயன்றி, இந்த 1.2 என்ற எல்லையைத் தானே எட்டியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பழமையைப் போற்றுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) ஆகவே கடைக்காரர் காட்டுவது நுரை: தெர்மோகோல், பாலியூரிதேன், இன்னும் அவற்றின் உறவினங்கள். மீண்டும் சிறைப்பட்ட வாயு. மீண்டும் அதைச் சிறை வைத்திருப்பது எரியக்கூடிய ஒரு பொருள். ஓலைக்குப் பதிலாகப் பெட்ரோலிய ரசாயனம் என்பதுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தின் விலையை லண்டன் மாநகரம் கண்டுகொண்டது. 1974-இல் கட்டப்பட்ட 24 மாடி கிரென்ஃபெல் டவர் என்னும் குடியிருப்பு, அடிப்படையில் காங்கிரீட் கட்டடம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அது அந்த வீட்டோடு அடங்கும் என்ற நம்பிக்கையில், மற்ற வீட்டார் உள்ளேயே இருக்கலாம் என்பதுதான் அங்கே விதி. 2016-இல் முடிந்த செப்பனிடுதலின்போது, குளிர்காலத்தில் உஷ்ணம் வெளியேறாதிருக்க வேண்டுமென்று வெளிச்சுவரில் நுரைப் பலகைகளைப் பொருத்தி, அவற்றுக்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டு, அழகுக்கும் மழைக்காப்புக்குமாக மெல்லிய தகடுகளை மாட்டினார்கள். அத்தகட்டின் குறுக்குவெட்டைக் கவனிக்க வேண்டும்: இரு புறமும் அரை மில்லிமீட்டர் அலுமினியம், நடுவே மூன்று மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். ஒரு கிலோ பாலிஎத்திலீன் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ மண்ணெண்ணெய்க்குச் சமமான உஷ்ணம் வெளிப்படும். 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவுக்குப் பின், நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் குளிர்பதனப் பெட்டியருகே எழுந்த தீ, ஜன்னல் ஓரமாக வெளியேறி அந்தத் தகட்டைத் தொட்டது. இருபது நிமிஷத்துக்குள் உச்சியை அடைந்தது. 72 பேர் இறந்தனர். பலகைக்கும் தகட்டுக்கும் இடையே விட்ட இடைவெளி புகைபோக்கியைப் போல் தீயை மேலே இழுத்துக்கொண்டது. எரிந்த நுரை விஷப்புகையையும் கூட்டியது.

கும்பகோணத்துக் கீற்று ஏழைமையின் அடையாளம், லண்டன் தகடு செல்வத்தின் அடையாளம் என்று பார்ப்பவர்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு விபத்துகளாகவே எண்ணுவர். பௌதிகம் அப்படிப் பார்ப்பதில்லை. எரியும் பொருள், அதனுள் அடங்கிய வாயு, வெளிக்காற்று ஏறிச் செல்ல ஒரு பாதை ஆகிய மூன்றும் இரண்டு இடத்திலும் கூடியிருந்தன. இதில் ஒன்றைப் பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ‘ராட் டிராப்’ கட்டு நல்ல நிதர்சனம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்தி, இரு வரிசைக்கு நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டும் இந்த ஒன்பது அங்குலச் சுவரில், கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. உள்ளடங்கிய காற்று உஷ்ணத்தைத் தடுக்கிறது. மூலைகளில் அவ்வெற்றிடத்திலேயே கம்பி இறக்கிக் கலவை ஊற்றினால் பூகம்பத்துக்கும் ஓரளவு பலம் கிடைக்கிறது. காற்றுக்கு இடமுண்டு, ஆயினும் அதைச் சூழ்ந்திருப்பது சூளையில் ஏற்கெனவே வெந்து முடிந்த மண். அது மறுபடி எரிவதற்கில்லை. இடைவெளி அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. ஆபத்து இடைவெளியில் இல்லை, அதன் அண்டை வீட்டில் இருக்கிறது. அதுபோலவே, தளத்தின் மேல் பரப்பி, காங்கிரீட்டும் ஓடும் போட்டு மூடிய நுரைப் பலகை வேறு. அதே பலகையைப் பல மாடிகளின் வெளிச்சுவரில் காற்றோடும் சந்துக்குள் நிறுத்துவது வேறு. ஆகையால் பொருளின் குணத்தைத் தனியே அளந்து, இத்தனை வாட் என்று எழுதி, அதைக் கட்டடத்தின் குணமாகக் கொள்வது சாஸ்திரமாகாது.

முழுச் சுவரையும் கட்டி எரித்துப் பார்க்கும் பரீட்சைகள் இல்லாமலில்லையே என்று ஆட்சேபிக்கலாம். உண்டு. பிரிட்டனில் எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு மாதிரிச் சுவர் எழுப்பி, அடியில் விறகடுக்கிக் கொளுத்தும் முறை கிரென்ஃபெல் விபத்துக்கு முன்பே இருந்தது. அங்கே பொருத்திய நுரைப் பலகையும் 2014-இல் அப்பரீட்சையில் தேறியதுதான். 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை அந்தத் தேர்ச்சியின் உள்விவரத்தைச் சொல்கிறது: மாதிரிச் சுவரில் தீயைத் தாங்கும் மக்னீசியம் ஆக்ஸைடு பலகைகளைச் சேர்த்திருந்தார்கள், அதை வெளியே சொல்லவில்லை. பரீட்சை முழுமையானதாக இருந்தும் அதன் குறிப்பேடு முழுமையாக இல்லை. எனவே நான் வேண்டுவது இன்னொரு பெரிய பரிசோதனைச் சாலையை அன்று. சோதித்த சுவரின் குறுக்குவெட்டை, ஆணி முதல் பூச்சு வரை, எவரும் பார்க்கும்படி பிரசுரிக்க வேண்டும். உஷ்ணத்தின் எண் அச்சாகும் அதே பட்டியலில், அதற்கு அடுத்த கட்டத்திலேயே, தீயைப் பற்றிய முடிவும் அச்சாக வேண்டும். இதற்குப் பணச்செலவு அதிகமில்லை. வியாபாரிகளின் ஆட்சேபம் அதிகமாக இருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டுக்காரர், காங்கிரீட் தளத்தின் சூடு தாங்காமல் மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். தீபாவளி ராக்கெட்டுக்குப் பயந்து சென்ற ஆண்டு அதைப் பிரித்துவிட்டு, ‘பஃப் பேனல்’ என்று இப்போது எல்லாரும் வாங்கும் பலகைகளால் அங்கே ஓர் அறை எழுப்பினார்: இரு புறமும் மெல்லிய தகடு, நடுவே நுரை. விற்றவர் கொடுத்த தாளை என்னிடம் ஆவலோடு காட்டினார். கனம், எடை, நிறம், உஷ்ணம் தடுக்கும் அளவு எல்லாம் அதில் இருந்தன. தீயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விசேஷ நாட்களில் சமைக்க வசதியாக இருக்கட்டும் என்று, அறையின் மூலையில் ஒரு காஸ் அடுப்பும் வைத்திருக்கிறார்.