மே மாதச் சம்பளம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நியூயார்க்கிலிருந்து என் தங்கை மகள் பேசினாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போவதால், ட்ரினிடாட் தீவைச் சேர்ந்த ஒரு அம்மா வீட்டோடு வந்து பையனைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே ‘நேனி’ என்கிறார்கள். நம் ஊரில் ஆயா.

“பெரியம்மா, டிசம்பர்ல நாலு வாரம் ஊருக்கு வர்றோம். அந்த நாலு வாரத்துக்கும் நேனிக்குச் சம்பளம் கொடுக்கணுமா? வருஷத்துக்கு ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவுன்னு முதல்லயே பேசியிருக்கோம். அதை இதுலயே கழிச்சுக்கலாமா?”

என்னிடம் கேட்டால் சட்டென்று நியாயம் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டேன். ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். 35 வருஷம் பாடம் நடத்தியவள் அல்லவா, எதையும் வரலாற்றிலிருந்து தொடங்கித்தான் பழக்கம்.

‘ஆயா’ என்ற சொல்லே நம்முடையது அல்ல, போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. (பாட்டியை ஆயா என்று கூப்பிடுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது வேறு.) பிறகு வெள்ளைக்காரர் வீடுகளில் குழந்தை வளர்க்கும் பெண்ணுக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை என்று எங்கெல்லாம் துரைமார் இருந்தார்களோ அங்கெல்லாம் ஆயாக்களும் இருந்தார்கள்.

துரை குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும்போது ஆயாவையும் கூட்டிப்போவார்கள். கடலில் வாரக்கணக்கில் பயணம். 1869இல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்பு மாதக்கணக்கில். துரைசாணிக்குத் தலைசுற்றல், குழந்தைக்கு வாந்தி. ராத்திரி, பகல் எல்லாம் ஆயாதான். லண்டனில் இறங்கியதும் பல வீடுகளில் அவள் வேலை முடிந்துவிடும். திரும்பி வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு, கையை விரித்தவர்களும் உண்டு. மொழி தெரியாத ஊரில், குளிரில் நின்ற அந்தப் பெண்களுக்காகவே லண்டனில் ஒரு விடுதி நடந்தது. ஆயாக்கள் இல்லம் என்று பெயர். 1900இல் அது ஹேக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு வந்தது. லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்தியது. இந்தியாவுக்குப் புறப்படும் குடும்பம் ஏதாவது ஒன்று வந்து ‘எங்களோடு வா’ என்று கூப்பிடும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். காத்திருந்த நாள்களை என்னவென்று சொல்வது? வேலையும் இல்லை, லீவும் இல்லை. 2022இல் அந்தத் தெருவில் நீல நிற நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இதே காலத்தில்தான் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளிகள் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டுப் போராடினார்கள். நாராயண் மேகாஜி லோகாண்டே முன்னால் நின்றார். 1890இல் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு வந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஆலைக்கு ஒரு வாசல், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு ஆய்வாளர் உண்டு. வீட்டுக்குள் ஆய்வாளர் எப்படி நுழைவார்? வீட்டில் நடப்பதை யாரும் ‘தொழில்’ என்றே எண்ணவில்லை. “அவ எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி” என்று சொல்லியே காலம் போயிற்று.

முயற்சி நடக்காமல் இல்லை. 1959இல் டெல்லியில் வீட்டு வேலையாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையொட்டி நாடாளுமன்றத்தில் மசோதாவும் வந்தது. குறைந்தபட்சக் கூலி, வாரத்தில் 24 மணி நேர ஓய்வு, வருஷத்துக்கு 15 நாள் விடுப்பு எல்லாம் அதில் இருந்தன. வேலையாட்களின் பெயர்களைப் போலீஸ் உதவியோடு பதிவு செய்ய வேண்டும் என்பதும் கூடவே இருந்தது! இரக்கப்பட்டு எழுதும்போதும் சந்தேகம் போகவில்லை பாருங்கள். எப்படியோ, அது சட்டமாகவே ஆகவில்லை. 1980இல் புனே நகரத்தில் வீட்டு வேலைப் பெண்கள் வேலைக்குப் போகாமல் தெருவில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது சம்பளத்துடன் லீவு.

அந்தச் செய்தி வந்த காலத்தில் நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். செய்தி என் கண்ணில் பட்டதா என்றுகூட நினைவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1986இல் மூத்தவள் பிறந்தாள். மகப்பேறு விடுப்பு 90 நாள், முழுச் சம்பளம். அது முடிந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா வந்தார். காலை 8 மணியிலிருந்து சாயந்திரம் 5 மணி வரை. மாதம் 120 ரூபாய். பெரியவளையும் பிறகு சின்னவனையும் அவர்தான் வளர்த்தார். நீங்கள் ‘டீச்சர் நல்லா நடத்துவாங்க’ என்று இன்றைக்கும் எழுதுகிறீர்களே, அதில் பாதி அந்த அக்காவுக்குச் சேர வேண்டும். பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்று தெரிந்ததால்தான் என்னால் கரும்பலகையைப் பார்க்க முடிந்தது.

தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்தேன். என்னை நல்லவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும். “அக்கா, நான் வீட்டுலதான் இருப்பேன். நீங்க ஜூன்ல வந்தா போதும், நல்லா ரெஸ்ட் எடுங்க” என்பேன். மே மாதம் அவருக்குச் சம்பளம் கிடையாது. வேலை செய்யாத மாதத்துக்கு எதற்குச் சம்பளம் என்பது என் கணக்கு. எனக்கும் மே மாதம் லீவுதான். என் சம்பளம் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

ஒரு வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அவர் கை இரண்டும் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் செம்மண் ஏறியிருந்தது. பெரியவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்னக்கா ஆச்சு?” என்று கேட்டாள்.

“லீவுக்குப் போயிருந்தேன்ல கண்ணு. செங்கல் சூளைக்கு” என்றார் சிரித்துக்கொண்டே.

நான் அடுக்களையில் நின்று கேட்டேன். கேட்டும் அடுத்த மே மாதமும் அப்படித்தான் செய்தேன். மொத்தம் 8 மே மாதங்கள். தொகையாகப் பார்த்தால் ஆயிரம் ரூபாய் சொச்சம். இன்றைக்கு அது ஒரு செல்போன் கவருக்கும் இயர்போனுக்கும் சரியாகப் போகும். அந்த அக்கா இறந்து 15 வருஷம் ஆகிறது.

தங்கை மகளுக்குப் பதில் வராமல் போனது இதனால்தான்.

உலக அளவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். 1936இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, சம்பளத்துடன் விடுமுறை என்று ஒரு உடன்படிக்கை செய்தது. அது ஆலைக்கும் அலுவலகத்துக்கும்தான். வீட்டு வேலையாட்களைப் பற்றி அதே மாநாட்டில் ஒரு தீர்மானம் மட்டும் போட்டார்கள்: பிறகு கவனிக்கலாம் என்று. ‘பிறகு’ வர 75 வருஷம் ஆயிற்று. 2011 ஜூனில்தான் வீட்டு வேலையாட்களுக்கென்றே 189ஆம் எண் உடன்படிக்கை நிறைவேறியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அதில் உண்டு. அதோடு வந்த பரிந்துரையில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. குடும்பம் சுற்றுலா போகும்போது வேலையாளையும் கூட்டிப்போனால், அந்த நாள்களை அவருடைய ஆண்டு விடுப்பில் கழிக்கக் கூடாதாம். கப்பலில் வாந்தி துடைத்த ஆயாக்களை நினைத்துக்கொண்டேன். இந்தியா அந்த உடன்படிக்கைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஏற்புக் கையெழுத்து இன்னும் போடவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது, 2018இல் குறைந்தபட்சக் கூலியும் வந்தது. லீவுக்கு மட்டும் இன்றும் வீட்டுக்காரம்மா மனசுதான்.

அமெரிக்காவும் ஒன்றும் பெரிய இடம் இல்லை. 1938இல் அவர்கள் கொண்டுவந்த கூலிச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களில் பலர் கறுப்பினப் பெண்கள். 1974இல்தான் குறைந்தபட்சக் கூலி அவர்களுக்கும் என்று ஆயிற்று. அதற்கு முன்பே, 1968இல் அட்லாண்டாவில் டோரதி போல்டன் என்ற பெண்மணி, தானும் வீட்டு வேலை செய்துகொண்டே, வேலைக்குப் போகும் பஸ்ஸில் மற்றப் பெண்களோடு பேசிப் பேசியே சங்கம் கட்டினார். நியூயார்க்கில் நேனிகளும் மற்ற வீட்டு வேலைப் பெண்களும் வருஷக்கணக்கில் தலைநகர் ஆல்பனிக்குப் போய்க் கேட்டார்கள். 2010 ஆகஸ்ட் 31 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். ஒரு வருஷம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 3 நாள் லீவு. அந்த நாட்டிலேயே இப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாநிலம் அதுதான். கேட்டது இதைவிட அதிகம், கிடைத்தது மூன்று நாள்.

ஆக, அந்தச் சட்டப்படி பார்த்தால் தங்கை மகள் பேசியிருக்கும் இரண்டு வாரமே தாராளம்தான். அவளிடம் சட்டத்தைச் சொல்லிவிட்டு, மே மாதக் கதையையும் சொன்னேன். ஊருக்குப் போவது உன் முடிவு, அந்த அம்மா வேலைக்கு வரத் தயாராகத்தானே இருக்கிறார், நான்கு வாரத்துக்கும் சம்பளம் கொடு, இரண்டு வாரத்தை அதில் கழிக்காதே, அதை அவர் வேண்டும்போது எடுக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பெரியம்மா, விமான டிக்கெட்டே எவ்வளவு தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நான்கு வாரச் சம்பளத்துக்கும் சம்மதமாம். எழுதியும் கொடுத்துவிட்டார்களாம். அந்த இரண்டு வார லீவு எப்போது வேண்டும் என்று நேனியிடம் கேட்டதற்கு, செப்டம்பர் முதல் திங்களையொட்டி வேண்டும் என்றாராம். அன்றைக்கு ப்ரூக்ளினில் அவர்கள் தீவுக்காரர்களின் பெரிய ஊர்வலம் நடக்குமாம். அந்த இரண்டு வாரமும் பையனை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போது இவளும் மாப்பிள்ளையும் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.