குதிரைக்குக் காட்டாத மைதானம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெரினாவில் என் பையனைக் குதிரையில் ஏற்றிவிட்டு, கையில் சுண்டல் பொட்டலத்தோடு கூடவே நடந்துகொண்டிருந்தேன். பத்தடி போயிருக்காது. குதிரை சடாரென்று நின்றுவிட்டது. காதிரண்டும் விறைத்துக்கொண்டன. என்னடா என்று பார்த்தால், எதிரே மணலில் பாதி புதைந்த ஒரு நீல பிளாஸ்டிக் கவர். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அத்தனை பெரிய மிருகம், ஒரு கவருக்குப் பயந்து நிற்கிறது.

குதிரைக்காரர் சாட்டையை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். ம்ஹூம். பையனை இறக்கி என்னிடம் கொடுத்தார். தான் போய் அந்தக் கவரின் பக்கத்தில் நின்றுகொண்டார். கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி, "வா ராஜா, ஒண்ணும் இல்ல, வா" என்று கூப்பிட்டார். ராஜா ஓர் அடி வைத்தது. யோசித்தது. இன்னோர் அடி. கடைசியில் மூக்கை நீட்டிக் கவரை முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை என்பதுபோல் தலையை ஆட்டியது.

"அடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"புதுசு சார். வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. இப்ப அடிச்சா, நான் அடிச்சேன்னு அதுக்குத் தெரியாது. கவர்தான் அடிச்சுதுன்னு நெனச்சுக்கும். அப்பால காலத்துக்கும் கவரக் கண்டா ஓடும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே விஷயத்தை, கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஜெனோஃபன் என்கிற கிரேக்கத் தளபதி எழுதி வைத்திருக்கிறார். சாக்ரடீஸின் சீடர். குதிரையேற்றத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். குதிரை ஒரு பொருளைப் பார்த்து மிரண்டால் அடிக்காதே, வலி அந்தப் பொருளால்தான் வந்தது என்று அது நினைத்துக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும் என்பது அவர் கட்சி. மெரினாக்காரர் ஜெனோஃபனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேருக்கும் குதிரைதான் வாத்தியார்.

சரி, இந்தப் பாடத்தை வைத்து ஒரு பெண் என்ன செய்தார் என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஈவென்ட்டிங். ஒலிம்பிக் நடக்கும்போது டி.வி.யில் நீங்கள் சேனல் மாற்றிவிட்டுப் போகிற சமாசாரம். ஆனால் ஆரம்பத்தில் இது விளையாட்டே அல்ல. ராணுவத்தில் குதிரைகளுக்கு வைத்த பரீட்சை. ஐரோப்பாவில் இதற்குப் பெயரே 'மிலிட்டரி'தான். 1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் சேர்த்தார்கள். பணியில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம். ஸ்வீடன்காரர் ஆக்செல் நோர்ட்லாண்டர், 'லேடி ஆர்ட்டிஸ்ட்' என்ற குதிரையில் வந்து ஜெயித்தார்.

பரீட்சை மூன்று பேப்பர். முதலாவது டிரெஸ்ஸாஜ். அணிவகுப்பு மைதானத்தில் சொன்னபடி கேட்கிறதா? இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. காடு, மேடு, பள்ளம், தண்ணீர், மரக்கட்டை எல்லாவற்றையும் தாண்டி ஓடுமா? மூன்றாவது ஷோ ஜம்பிங். நேற்று அத்தனை ஓடிய குதிரை இன்றைக்கும் கால் விந்தாமல் தாண்டுமா? போருக்குப் போகிறவனுக்கு இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தாக வேண்டும். மூன்றுக்கும் ஒரே குதிரை. அதுதான் கஷ்டம்.

இதில் இரண்டாவது பேப்பர்தான் உயிர். ஷோ ஜம்பிங்கில் குதிரையின் கால் பட்டால் கம்பு விழும், மார்க் போகும், அவ்வளவுதான். கிராஸ் கன்ட்ரி தடைகள் அப்படி விழாது. பூமியில் இறுக்கிய கட்டைகள். இன்றைய உச்சகட்டப் போட்டிகளில் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம் வைத்திருக்கிறார்கள். ஆறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டம். தப்பு நடந்தால் விழுவது கட்டை அல்ல. குதிரையும் மேலே இருக்கிறவரும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. ஓட்டுபவர் அந்தப் பாதையை முன்கூட்டியே நடந்து பார்க்கலாம். இரண்டு முறை, மூன்று முறை, எந்த இடத்தில் மண் இளகியிருக்கிறது, எந்த மரத்துக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்யலாம். குதிரைக்குக் காட்டக் கூடாது! அது ஒவ்வொரு தடையையும் முதல்முறையாகப் பார்ப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். சுற்றி ஏறக்குறைய எல்லாம் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரே, மூக்குக்கு முன்னால், ஒரு சின்ன குருட்டு இடம். தாண்டுவதற்காக எழும்புகிற கடைசி நொடியில் அந்தத் தடை அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கம் பள்ளமா, தண்ணீரா? தெரியாது. மேலே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும் என்கிற ஒரே தைரியத்தில்தான் தாவுகிறது.

யோசித்துப் பாருங்கள். நீங்களும் நானும் யாரை நம்பி அப்படித் தாவுவோம்?

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். லூசிண்டா பிரையர்-பாமர். இங்கிலாந்தில் ஒரு ராணுவ ஜெனரலின் மகள். பிறந்தது 1953 நவம்பரில். அந்த வருடக் கணக்கில் பார்த்தால், ஒலிம்பிக் ஈவென்ட்டிங்கில் பெண்களுக்கு இடமே கிடையாது. பதினொரு வருடம் கழித்து, 1964 டோக்கியோவில்தான் கதவு திறந்தது. அமெரிக்காவின் லானா டுபான்ட் முதல் பெண்ணாகப் போய், அணிக்கான வெள்ளிப் பதக்கத்தோடு வந்தார்.

இங்கிலாந்தில் மட்டும் ஒரு ஜன்னல் முன்பே திறந்திருந்தது. பாட்மிண்டன். ஆமாம், நீங்கள் இறகுப்பந்து ஆடுகிறீர்களே, அதற்குப் பெயர் கொடுத்த அதே பாட்மிண்டன் மாளிகை. அதன் சொந்தக்காரரான போஃபோர்ட் பிரபு, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்காரர்கள் சரியாகச் செய்யவில்லையே என்று வருத்தப்பட்டு, மறு வருடமே தன் தோட்டத்தில் ஒரு போட்டியை ஆரம்பித்துவிட்டார். உலகத்தில் இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பெரிய மேடை இல்லை என்பார்கள். அங்கே பெண்கள் போட்டியிடலாம். 1954லேயே மார்கரெட் ஹஃப் என்ற பெண் ஜெயித்தும் காட்டினார்.

லூசிண்டாவுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் பரிசாக வீட்டில் ஒரு குதிரை கொடுத்தார்கள். பெயர் 'பி ஃபேர்'. செந்நிறம். இளசு. அனுபவம் இல்லாத குதிரைக்கு அனுபவம் இல்லாத எஜமானி. நம் ஊரில் என்றால், லைசென்ஸ் வாங்காத பையனுக்கு பிரேக் செட் ஆகாத வண்டி வாங்கிக் கொடுத்த கதை என்று அப்பாவைத் திட்டியிருப்பார்கள்.

இளம் குதிரையைத் தயார் செய்வது என்றால் முதல் நாளே தாண்ட வைப்பது இல்லை. முதுகெலும்பு முழுதாக முற்றவே ஐந்தாறு வருடம் ஆகும். ஆரம்பத்தில் தரையில் ஒரு கம்பைப் போட்டு, அதைக் கடந்து நடக்கப் பழக்குவார்கள். அப்புறம் முழங்கால் உயரக் கட்டை. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில், அனுபவமுள்ள கிழட்டுக் குதிரையை முன்னால் விட்டு, அதன் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்க வைப்பார்கள். தண்ணீர் என்பது குதிரைக்கு ஆழம் தெரியாத ஒரு கண்ணாடி. அதில் கால் வைப்பதற்கே ஒரு நாள் முழுக்கப் போகலாம். இதெல்லாம் எல்.கே.ஜி. பாடம். அவசரப்பட்டு ஒரு நாள் எட்டாத உயரத்தைக் காட்டி, அது விழுந்து தொலைத்தால், சேர்த்து வைத்த தைரியம் முழுக்கக் காலி. மறுபடி தரையில் கம்பைப் போட வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒன்று வரும். நற்பெயர். புலனாகாச் சொத்து என்று புத்தகத்தில் போட்டிருக்கும். கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கடையின் மொத்த மதிப்பும் அதில்தான் இருக்கும். சேர்க்கப் பல வருடம். போக ஒரு நிமிஷம். இந்தக் குதிரைப் படிப்பும் அதே கணக்குதான். ஒரே வித்தியாசம், கடையை விற்றால் குட்வில்லையும் சேர்த்து விற்கலாம். குதிரையை விற்றால் அதன் நம்பிக்கை கூடவே போகாது. புது ஆள் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

பிறந்தநாள் பரிசு வந்து ஐந்தாவது வருடம். 1973 ஏப்ரல். பத்தொன்பது வயது லூசிண்டாவும் பி ஃபேரும் பாட்மிண்டனில் சாம்பியன்! 1975ல் ஜெர்மனியின் லூமூலனில் ஐரோப்பிய சாம்பியன். இந்தியாவில் நாம் சினிமா எடுத்திருந்தால் அங்கேயே வணக்கம் போட்டிருப்போம்.

1976 வந்தது.

ஏப்ரலில் மறுபடி பாட்மிண்டன். இந்த முறை 'வைட் அவேக்' என்ற வேறொரு குதிரை. மூன்று பேப்பரும் எழுதி முடித்து, முதலிடம். பரிசு வாங்கிவிட்டு, கூட்டம் கைதட்ட, ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி வரும் மரியாதைச் சுற்று. பாதியில் வைட் அவேக் அப்படியே சரிந்து விழுந்தது. மாரடைப்பு. கோப்பை கையில் இருக்க, குதிரை இல்லை.

ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக். லூசிண்டா பழைய சிநேகிதன் பி ஃபேரோடு போனார். அதே அணியில் இளவரசி ஆனும் இருந்தார். அவர் குதிரையின் பெயர், நம்ப மாட்டீர்கள், 'குட்வில்'! கிராஸ் கன்ட்ரியை பி ஃபேர் ஓடியது. ஓட்டத்தின் முடிவில் பின்னங்கால் தசைநாண் இடம் பெயர்ந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பெரிய போட்டிகள் அத்தோடு முடிந்தன. எட்டு வருட உழைப்பு. மூன்று மாதத்தில் இரண்டு குதிரைகளும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் போதுமடா சாமி என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டுதான்.

மறு வருடம், 1977. அதே பாட்மிண்டன். அதே புல்வெளி. 'ஜார்ஜ்' என்ற குதிரை. சொந்தக் குதிரைகூட இல்லை, வேறொருவர் ஓட்டக் கொடுத்தது. ஜெயித்தார். 1979ல் 'கிலேர்'. ஜெயித்தார். 1983ல் 'ரீகல் ரெல்ம்', ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரை. ஜெயித்தார். அதற்கு முந்தைய வருடம் உலக சாம்பியன் பட்டமும் இதே ரீகல் ரெல்மோடுதான். 1984ல் 'பீகிள் பே'. அதற்குள் கல்யாணமாகி லூசிண்டா கிரீன் ஆகியிருந்தார். ஜெயித்தார்.

ஆறு பாட்மிண்டன். ஆறும் வேறு வேறு குதிரை. அந்த எண்ணிக்கையை அங்கே இன்றுவரை யாரும் தொடவில்லை.

ரெக்கார்டு புத்தகம் இதை ஆறு வெற்றி என்று எழுதும். எனக்கென்னவோ அது ஆறு எல்.கே.ஜி. என்று தோன்றுகிறது. ஒரு குதிரையின் நம்பிக்கை இன்னொன்றுக்கு உதவாது. ஒன்று வேகத்தில் சிலிர்க்கும், இன்னொன்று யோசித்துத்தான் கால் வைக்கும். ஒன்றுக்குத் தட்டிக் கொடுக்க வேண்டும், இன்னொன்றைச் சும்மா விட வேண்டும். ஒவ்வொரு முறையும் 'நீ யார், உன்னை நான் ஏன் நம்ப வேண்டும்?' என்று கேட்கிற ஒரு புது மிருகத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். முந்தைய கோப்பைகளைக் காட்டி அதனிடம் காரியம் சாதிக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உங்களுக்கும் தோன்றியிருக்கும். கோப்பை யாருக்கு? குதிரைக்குக் கோப்பை தெரியுமா? வைட் அவேக்கிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

இந்தக் கேள்வி அந்த விளையாட்டையும் சும்மா விடவில்லை. 1999ல் மட்டும் பிரிட்டனில் ஐந்து ஓட்டுநர்கள் ஈவென்ட்டிங்கில் செத்துப்போனார்கள். குதிரைகளும் செத்திருக்கின்றன. அதன் பிறகுதான் தடைகளில் மாற்றம் வந்தது. பலமாக மோதினால் உடைந்து, கட்டையை விழ விடுகிற ஊசிகளைப் பொருத்தினார்கள். முன்பெல்லாம் கிராஸ் கன்ட்ரிக்கு முன்னாலேயே கிலோமீட்டர் கணக்கில் சாலை ஓட்டமும், வேலி தாண்டும் வேகப் பந்தயமும் இருந்தன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து அவற்றை வெட்டிவிட்டார்கள். கால் சரியில்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னால் மூன்றாவது பேப்பர் எழுத முடியாது. இதெல்லாம் போதுமா என்றால், போதாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் நம்மை நம்பித் தாவுகிறான் என்றால், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மூன்று முறை நடந்து பார்த்திருக்க வேண்டியது நம் கடன். பிள்ளைகளை இன்ஜினீயரிங்கில் தள்ளுகிறோமே, புது வேலைக்காரனுக்கு முதல் நாளே டார்கெட் கொடுக்கிறோமே, அப்போதாவது முந்தின நாள் நாம் போய் நடந்து பார்த்தோமா?

மெரினாவுக்கு வருகிறேன். ரவுண்டு முடிந்து பையனை இறக்கினார் குதிரைக்காரர். காசைக் கொடுத்தேன். அடுத்து ஒரு சின்னப் பெண் ஏறத் தயாராக நின்றிருந்தாள். அவர் அவசரப்படவில்லை. திரும்ப அந்த இடத்துக்கு நடந்துபோனார். மணலில் புதைந்திருந்த அந்த நீல கவரைப் பிடுங்கி, மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் குதிரையை நகர்த்தினார்.