சத்தம் வந்தது, செய்தி வரவில்லை

"மொட்டை மாடியில் ஆன்டெனாவோடு என்னதான் செய்கிறீர்கள், சார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹாம் ரேடியோ வழியே கணினியிலிருந்து கணினிக்கு எழுத்துச் செய்தி அனுப்புகிறேன். பாக்கெட் ரேடியோ என்று பெயர். பத்து நாளாக அது வேலை செய்யவில்லை. காரணம் தேடப்போய் சரித்திரத்துக்குள் விழுந்துவிட்டேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்!

இதன் மூதாதை, 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் இயக்கிய அலோகாநெட். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்தி சிதையும். சிதைந்ததைப் பெறும் கருவி சத்தமில்லாமல் எறிந்துவிடும். 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால், அனுப்பியவர் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். புகாரே கிடையாது.

1978-இல் கனடாவில் மாண்ட்ரியல் ஹாம்கள் இதைக் கையில் எடுத்தார்கள். அடுத்து வான்கூவர் அன்பர்கள் டி.என்.சி. என்ற பெட்டியை வடிவமைத்தார்கள்; அமெரிக்காவில் டூசான் குழுவினர் அதைப் பரப்பினார்கள். செய்தியைப் பொட்டலம் கட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் பெட்டியின் வேலை. 1980களில் பில் கார்னும் மைக் செப்போனிஸும் கொண்டுவந்த 'கிஸ்' முறை அதில் பெரும்பகுதியைக் கணினிக்கு மாற்றியது. 1990களில் ஆலன் காக்ஸ், ஜொனாதன் நெய்லர் போன்றோர் அதை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். வசதிதான். ஆனால் பழுது பெட்டியிலா, கணினியிலா என்ற குழப்பமும் கூடவே வந்தது. கிஸ் நிலையில் உள்ள பெட்டி நாம் தட்டும் கட்டளைக்குப் பதிலே சொல்லாது. செத்துப்போனதென்று நானும் நினைத்தேன். 192, 255, 192 என்ற மூன்று எண்களை அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் 1994 பேட்ச் மாணவர் அனுப்புவது என் திரையில் வந்தது. நான் அனுப்புவது அவருக்குப் போகவில்லை. "கொர்ர்னு சத்தம் கேக்குது சார், திரையில ஒண்ணும் இல்ல" என்றார். கேபிளை மாற்றினேன். ஒலி அளவைக் கூட்டிக் குறைத்தேன். கடைசியில் பார்த்தால், ரேடியோவை இயக்கியபின் எவ்வளவு நேரம் பொறுத்துத் தரவை அனுப்புவது என்ற அளவு 100 மில்லிசெகண்டில் இருந்தது. என் கிழட்டு ரேடியோ மூச்சு வாங்கி எழ அது போதாது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தலை வெட்டுப்பட்டது. கடைசியில் உள்ள சரிபார்ப்பு எண் ஒத்துவராததால் அவர் கருவி எறிந்துவிட்டது, ஹவாயில் போலவே.

லினக்ஸில் 'கிஸ்பார்ம்ஸ்' கட்டளையால் 500 ஆக்கினேன். உடனே பதில் வந்தது. அதில் ஒரு எழுத்துப்பிழை. வழியில் சிதைந்திருந்தால் என் கருவியே எறிந்திருக்கும். ஆகவே பிழை அவருடையதுதான். திருத்தி அனுப்பினேன்.